ஒன்றுமில்லை என்று பதிவான குரல்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கீழவாசலில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு போன் வந்தது. மனிதக் குரல் இல்லை, மெஷின். என் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறதாம். ‘உங்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் இவற்றில் ஏதேனும் இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும். இல்லையென்றால் எண் இரண்டை அழுத்தவும்.’ இடது கையில் பை, வலது கையில் போன். மீன்காரப் பெண் கத்தியைப் பிடித்தபடி, “யக்கா, தலையைப் போடவா, வேணாமா?” என்று கேட்கிறாள். நான் கட்டைவிரலால் எதையோ அழுத்தினேன். ‘நன்றி’ என்று சொல்லிவிட்டு மெஷின் வைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குறுஞ்செய்தி. எனக்கு நோய் எதுவும் இல்லை என்று நானே அறிவித்திருக்கிறேன். எனக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. அதைவிட வெட்கக்கேடு, முப்பத்தொரு வருடம் நான் அதே காப்பீட்டுக் கம்பெனியின் தஞ்சாவூர் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கிளைக்குப் போய், ‘தவறாக அழுத்திவிட்டேன், எனக்குச் சர்க்கரை உண்டு, இன்னின்ன மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அங்கே இப்போது இருக்கிறவர்கள் சிரித்தார்கள். “கிரேஸ் மேடத்துக்கே இந்தக் கதியா!” என்றார்கள். “சிரிங்க சிரிங்க, உங்களுக்கும் அறுபது வரும்” என்றேன். அதில் ஒருத்தி, ஊழியர் சங்க மலருக்கு எதையாவது எழுதித் தரச் சொன்னாள். எழுத ஒன்றுதான் இருக்கிறது. அதில் நான் நல்லவள் இல்லை. பரவாயில்லை, எழுதுகிறேன்.

ஆரம்ப காலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொறையாறில் பிறந்து, டைப்பிங் ஹையர் பாஸ் செய்து, தஞ்சாவூர் கிளையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் பத்து வருடம் டிராக்டர், அரிசி ஆலை, பம்புசெட்டு, தீ விபத்து. மனுஷ உடம்புக்கு இன்சூரன்ஸ் போட வருகிறவர்கள் அப்போது மாதத்துக்கு நாலைந்து பேர்தான். பிறகு பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அப்பா அம்மா பெயரில் பாலிசி போட ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் அறுபது தாண்டியவர்களின் ஃபாரம் என் மேசையில் முழம் உயரத்துக்கு நின்றது.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு மேலாளராக வந்தவர் ஞானப்பிரகாசம் சார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. போட்டிருந்தால் தேவலை. ஒரு ஃபாரத்தில் தப்பு இருந்தால் என்ன தப்பு என்று சொல்லமாட்டார். மேல் மூலையில் ஒரு கிளிப்பைக் குத்தி நம் மேசையில் வைத்துவிட்டுப் போவார். நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுபோனால் கிளிப்பை மட்டும் கழற்றித் தன் டப்பாவில் போட்டுக்கொள்வார். கண்டுபிடிக்காவிட்டால் அந்த ஃபாரம் இரண்டாவது கிளிப்போடு திரும்பி வரும். என் ஃபாரம் ஒன்று நாலு கிளிப்போடு வந்ததுண்டு. ஆபீஸே பார்த்துச் சிரித்தது.

அவர் அறுபது தாண்டியவர்களுக்கென்று தனியாக ஒரு முறை வைத்திருந்தார். ஏஜென்ட் எழுதிக் கொண்டுவந்த ஃபாரத்தை அப்படியே ஏற்கக் கூடாது. விண்ணப்பித்தவரைக் கூப்பிட வேண்டும், நேரிலோ போனிலோ. ஏழு கேள்வி. அதைத் தன் கையால் எழுதி ஒவ்வொருவர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் வைத்துவிட்டார்.

முதல் கேள்வி நோயைப் பற்றியதே இல்லை. ‘இப்ப பேசத் தோதா இருக்கா, பக்கத்துல யாரு இருக்காங்க?’ என்பதுதான். அடுத்தது, உங்களுக்கு என்ன வியாதி என்று கேட்கக் கூடாது. காலையில் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்க வேண்டும். நம் ஊர்க்காரர்களிடம் “சுகர் இருக்கா?” என்றால் “ஆண்டவன் புண்ணியத்துல ஒண்ணுமில்லீங்க” என்பார்கள். பொய் இல்லை. யாரோ நம்மை நலம் விசாரிக்கிறார்கள், நல்ல வார்த்தையாகச் சொல்லுவோம் என்கிற மரியாதை அது. அதே ஆளிடம் மாத்திரையைக் கேட்டால் டப்பாவையே எடுத்து வந்து ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நேரில் வருகிறவர்களை மாத்திரை டப்பாவோடு வரச் சொல்லுவோம். ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் டின், கல்யாணத்தில் கொடுத்த எவர்சில்வர் தூக்கு என்று எல்லாம் வரும். அதன் பிறகு எந்த டாக்டரிடம் கடைசியாகப் போனீர்கள், ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா, இந்த ஃபாரத்தை யார் எழுதினார்கள், பாலிசி உங்கள் வீட்டு விலாசத்துக்கு வருகிறதா ஏஜென்ட் விலாசத்துக்கா, எழுதிய ஃபாரத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா. பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஃபாரத்தின் பின்பக்கம் எழுத வேண்டும்.

ஏஜென்ட்டுகள் எங்களைச் சபித்தார்கள். உள்ளதை எழுதினால் பிரீமியம் கூடும், டெஸ்ட் எடுக்கச் சொல்லுவார்கள், நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள், வந்த ஆள் போய்விடுவார். உண்மைதான், பலர் போனார்கள். சார் கிளிப் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே சொல்லுவார்: “போறவங்க இன்னிக்குப் போறாங்கம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு நாம இல்லைன்னு சொல்றதைவிட அது மேல்.”

அவர் காலத்தில் அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பர்மா, பினாங்கு என்று வியாபாரம் செய்த குடும்பம். பாலிசி வாங்கிப் பதினாலாம் நாள் பூதக்கண்ணாடியும் கையுமாக வந்து நின்றார். பிடிக்காவிட்டால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க அப்போது பதினைந்து நாள்தான், இப்போது முப்பது நாள் ஆக்கியிருக்கிறார்கள். “அறை வாடகைக்கு ஒரு அளவு போட்டிருக்கீங்க. அதுக்கு மேல உள்ள அறையில படுத்தா ஆபரேஷன் செலவுலயும் அந்த விகிதத்துல வெட்டுவீங்கன்னு பதினேழாம் பக்கத்துல இருக்கு. விக்கும்போது யாரும் இதைச் சொல்லலை. எடுத்துக்கங்க” என்றார். எனக்கு எரிச்சல், இலக்கில் ஒன்று குறைகிறதே என்று. சார் டீ வரவழைத்துக் கொடுத்து, பணத்தைத் திருப்ப அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். பெரியவர் போகும்போது, “கையெழுத்துப் போட்ட பிறகும் சரக்கைத் திருப்பித் தரலாம்னு எழுதிக் கொடுக்கிற வியாபாரத்தை இப்பதான் பார்க்கிறேன். ஆனா அதை யாருக்கும் சொல்லாம வச்சிருக்கீங்களே!” என்றார். வேறு திட்டத்தில் மூன்றே வாரத்தில் திரும்பவும் எங்களிடமே வந்து சேர்ந்தார்.

ஞானப்பிரகாசம் சார் ஓய்வு பெற்றுப் போனார். ஆபீஸைப் புதுப்பித்தார்கள், கண்ணாடி போட்ட மேசைகள் போயின. அந்தத் தாளும் போயிற்று. எனக்கு ஏழு கேள்வியும் மனப்பாடம், அதனால் தாள் போனது ஒரு சாக்காகாது. விசாரிப்பு எல்லாம் போனில் என்று ஆயிற்று. பேசுவதைப் பதிவு செய்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு வாசகம் வந்தது, அதைப் படித்தால் போதும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு நாற்பது போன் கூடப் பேசியிருக்கிறேன். வாசகத்தைப் படிப்பேன், இல்லை என்பார்கள், நன்றி என்பேன். முடிந்தது.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது நன்னிலம் பக்கத்திலிருந்து கலியமூர்த்தி என்பவர் வந்தார். அறுபத்தாறு வயது. அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவர் இரண்டரை ஏக்கர் வாங்கி, ஒரே பெண் கவிதாவை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்து, தாராசுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மனைவி அஞ்சம்மாளுக்கு பைபாஸ் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் சேர்த்த காலையில் கம்பெனி செலவை ஏற்க மறுத்துவிட்டது. இரண்டரை ஏக்கரையும் போக்கியத்துக்குக் கொடுத்துவிட்டு ஆபரேஷனை முடித்தார். அந்தக் குறுவையை அவர் வயலில் வேறு ஆள் நட்டுக்கொண்டிருந்தான். பிறகு செலவைக் கேட்டு விண்ணப்பித்தார். அதையும் மறுத்து ஒரு கடிதம் போயிருந்தது.

அவர் கடிதத்தை என் முன்னால் விரித்தார். ஒரு வரியின் அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

“மேடம், பணம் கிடைக்கலைன்னா அது வேற. ‘மறைத்துள்ளீர்கள்’னு எழுதியிருக்கே. நான் என்னத்த மறைச்சேன்? ஏஜென்ட் தம்பிகிட்ட மொத நாளே சொன்னேன், வீட்டுல பிரஷருக்கு ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுதுன்னு. ‘அதெல்லாம் எழுதினா இழுத்தடிப்பாங்க, கம்பெனிலேருந்து போன் வரும், அப்ப சொல்லிக்கங்க’ன்னுச்சு.”

“போன் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“சொன்னீங்களா?”

அவர் என்னைப் பார்க்காமல் கடிதத்தை மடித்தார். “சொல்ற நெலமையில இல்ல மேடம். மறுநாளே ஏஜென்ட்டுக்குப் போன் அடிச்சு, நேத்து சொல்ல முடியல, நீ சேர்த்துடுப்பான்னேன். ‘பாத்துக்கலாம்’னுச்சு. இப்ப அது மனை விக்கப் போயிடுச்சாம்.”

சொல்லுகிற நிலைமை ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாலிசியும் ஃபாரம் நகலும் வந்ததா என்று கேட்டேன். அட்டை மட்டும்தான் வந்ததாம். கணினியில் பார்த்தேன். எல்லாம் ஏஜென்ட்டின் இமெயிலுக்குப் போயிருந்தது. இவர் தன் ஃபாரத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காத ஆளுக்குத் திருத்திக் கேட்கிற உரிமை இருந்து என்ன பிரயோஜனம்?

பாலிசிக்கு ஐந்தாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால்கூடக் காத்திருப்புக் காலம் முடிந்து, இந்த ஆபரேஷனுக்குக் கிடைத்திருக்கும். ஐந்து வருடம் முழுசாக முடிந்திருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய மறைத்தார் என்று சொல்லி மறுக்கவும் முடியாது. அவருக்கு ஒன்பது மாதம் பாக்கி.

அன்று மத்தியானம் பதிவை வரவழைத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். முதலில் வந்தது என் குரல்.

வாசகத்தை ஒரே மூச்சில் படிக்கிறேன். மார்ச் மாதக் குரல் அது, எனக்கே பிடிக்கவில்லை. பின்னால் டம்ளர் வைக்கிற சத்தம், நாலைந்து பேர் பேசுகிற சத்தம். வயதானவர்கள் எல்லாரையும் போல இவரும் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். நான் கேட்கிறேன்: “உங்க மனைவிக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் ஏதாவது இருக்கா?” சட்டென்று பின்னால் இருந்த பேச்சு நிற்கிறது. ஒரு வினாடி, இரண்டு வினாடி. “ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்காங்க” என்கிறார் கலியமூர்த்தி. அதற்குப் பின்னால் இன்னொரு ஆணின் குரல் தெளிவாகக் கேட்கிறது: “நல்ல நேரம் முடியப்போவுது, பொண்ணை வரச் சொல்லலாமே.” நான் நன்றி சொல்லி வைத்துவிடுகிறேன்.

அட பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டேன். பங்குனி மாதம், பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்ணின் அம்மாவுக்கு இதய நோய் உண்டா என்று நான் அவர்கள் எல்லாரும் கேட்க ஒலிபெருக்கியில் கேட்கிறேன். அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று சம்பந்தம் முறிந்த கதைகள் எனக்குத் தெரியாததா? எந்தத் தகப்பன் ஆமாம் என்று சொல்லுவான்? பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்திருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. அவசரத்தில் விட்டேன். அதற்கு வேறு பெயர் கிடையாது.

உள்ளபடி ஒரு குறிப்பு எழுதி, பதிவையும் இணைத்து மறுபரிசீலனைக்கு அனுப்பினேன். அப்போதைய மேலாளர் நல்ல மனிதர், பயந்த மனிதர். “மேடம், இன்னும் எட்டு மாசம்தான். உங்க தப்புன்னு நீங்களே எழுதிக் கொடுக்கணுமா?” என்றார். “தப்பு என்னோடதுதானே சார், வேற யார் எழுதுவாங்க?” என்றேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. காப்பீடு பெற்றவர் தன் சொந்தக் குரலில் மறுத்திருக்கிறார், எனவே முடிவில் மாற்றமில்லை.

கலியமூர்த்தியை வரவழைத்து, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று ஒரு அதிகாரி இருக்கிறார், அவரிடம் போகலாம் என்று சொன்னேன். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தப் பதிவை அங்க போடுவாங்களா?”

“போடுவாங்க. அதுதான் உங்களுக்கு எதிரான சாட்சி. உங்களுக்குச் சாதகமான சாட்சியும் அதுதான்.”

“சம்பந்தி கொரல் அதுல இருக்கு மேடம்.”

“இருக்கு. கேட்டேன்.”

“எம்பொண்ணு அந்த வீட்டுல வாழுது. வயித்துல ஆறு மாசம். நான் அவங்ககிட்ட மறைச்சேன்னு இப்பத் தெரியணுமா? ஆபரேஷன்னப்பவே ‘திடீர்னு வந்துடுச்சு’ன்னுதான் சொல்லியிருக்கேன்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்ககிட்ட மறைக்கலைன்னு நிரூபிக்கணும்னா அவங்ககிட்ட மறைச்சேன்னு ஒத்துக்கணும். நல்லா மாட்டிக்கிட்டேன்.”

எழுந்து போய்விட்டார். பன்னிரண்டு நாள் ஆளைக் காணோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிமூன்றாம் நாள் வந்து, “மனு எழுதுங்க மேடம்” என்றார். குறுவை முடிந்து தாளடிக்கும் நிலத்தை வேறு ஆள் உழ வரப்போகிறான் என்று தெரிந்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மனுவை அவர் சொல்லச் சொல்ல எங்கள் தெருவில் ஒரு பையன் டைப் அடித்தான். கம்பெனி ஊழியையாக நான் அதில் கை வைக்கக் கூடாது. பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை வீடியோவில் என்று தகவல் வந்தது. அங்கேதான் விதி விளையாடியது. கலியமூர்த்தியிடம் பட்டன் போன்தான். அவர் சொந்தத்தில் கம்ப்யூட்டரும் நல்ல இணைப்பும் இருக்கிற ஒரே இடம் தாராசுரத்தில் சம்பந்தி ராஜேந்திரன் வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடை. ஆபரேஷனுக்குப் பிறகு அஞ்சம்மாளும் ஓய்வுக்காக மகளோடு அங்கேதான் இருந்தார். “நம்ம கடையிலேயே உக்காருங்க சம்பந்தி, இதுல என்ன இருக்கு” என்று ராஜேந்திரன் தாராளமாகச் சொல்லிவிட்டாராம். வேண்டாம் என்று சொல்ல இவரிடம் காரணம் இல்லை.

அன்று காலை நான் தஞ்சாவூர் கிளையில், கம்பெனியின் மண்டல அலுவலக அதிகாரி திருச்சியில், குறைதீர்ப்பாளர் சென்னையில். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு மூன்று முறை சொல்லியிருந்தார்கள். திரையின் நாலாவது கட்டத்தில் ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் கலியமூர்த்தி, பக்கத்து நாற்காலியில் போர்வை போர்த்தி அஞ்சம்மாள். பின்னால் ராஜேந்திரனும் அவர் மனைவியும் நின்றார்கள். அஞ்சம்மாளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சின்ன உருவம், திருத்தமாக எண்ணெய் வைத்து வாரிய தலை.

மண்டல அதிகாரி கம்பெனியின் வாதத்தைச் சொல்லிவிட்டுப் பதிவைப் போடச் சொன்னார். போட்டார்கள். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். என் மார்ச் மாதக் குரல் தஞ்சாவூரிலும் தாராசுரத்திலும் சென்னையிலும் ஒரே நேரத்தில் கேட்டது. ‘ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்காங்க.’ பிறகு, ‘பொண்ணை வரச் சொல்லலாமே.’

குறைதீர்ப்பாளர் வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். “பின்னால பேசறது யாரு?” என்றார்.

கலியமூர்த்தி நிமிரவில்லை. ராஜேந்திரன்தான் திரைக்குப் பக்கத்தில் வந்தார். முகம் சிவந்திருந்தது. “நான்தாங்க. என் கொரல்தான். அன்னிக்கு நாங்க பொண்ணு பாக்க அவர் வீட்டுக் கூடத்துல உக்காந்திருந்தோம்.” திரும்பி, “ஏன் சம்பந்தி, எங்களுக்குப் பயந்தா அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டார். கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“ஆமாங்க” என்றார் கலியமூர்த்தி.

குறைதீர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அம்மா, உங்களுக்கு எப்பலேருந்து பிரஷர்?” என்று அஞ்சம்மாளைக் கேட்டார்.

“கவிதா பரீட்சை எழுதின வருஷத்துலேருந்துங்க. நன்னிலம் பெரியாஸ்பத்திரியில பாத்தாங்க. காலையில சின்ன வெள்ளை மாத்திரை ஒண்ணு, ராத்திரி பாதி.” மளமளவென்று சொன்னார். “சீட்டெல்லாம் வச்சிருக்கேன்.”

“இதை ஏன் கம்பெனிகிட்ட சொல்லலை?”

“என்னைய எங்கய்யா கேட்டாங்க? போன் வந்ததே எனக்குத் தெரியாது. நான் அடுப்படியில கேசரி கிண்டிக்கிட்டிருந்தேன். கூப்பிட்டிருந்தா வந்து சொல்லிட்டுப் போயிருப்பேன்.”

“சம்பந்தி வீட்டார் முன்னாலயா?”

அஞ்சம்மாள் சிரித்தேவிட்டார். “அட, அவங்களுக்கு அதுக்கு முந்தியே தெரியுமேங்கய்யா. சம்பந்தியம்மா அடுப்படிக்கு வந்தாங்க. ‘எனக்குப் பிரஷர் இருக்கு, மாத்திரை சாப்பிடறேன், பின்னால தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது’ன்னு மொதல்ல அதைத்தான் சொன்னேன். பொண்ணைக் குடுக்கிற எடத்துல பொய் சொல்லலாமா?”

ராஜேந்திரனின் மனைவி பின்னாலிருந்து, “ஆமாங்க, சொன்னாங்க. நானும் எங்க வீட்டுக்காரருக்குப் பத்து வருஷமா சுகர்னு சொல்லிட்டேன். நாங்க ரெண்டு பேரும் அப்பவே எல்லாத்தையும் பேசிக்கிட்டோம்” என்றார்.

ராஜேந்திரன் தன் மனைவியைப் பார்த்தார். கலியமூர்த்தி தன் மனைவியைப் பார்த்தார். நாலு வருடமாக நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டிருந்த ரகசியம், அவர் பொய் சொல்வதற்கு முன்பே அடுப்படியில் வெளியாகிவிட்டது. இரண்டரை ஏக்கரைக் கொடுத்து அவர் காப்பாற்றியது ஒன்றுமே இல்லை. மண்டல அதிகாரிகூட மைக்கை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அவள் புருஷனிடம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் இல்லை, முப்பத்தொரு வருடமும். நானும் ஒரு பெண், அது எனக்குத் தோன்றவே இல்லை. ஞானப்பிரகாசம் சாரின் ஏழு கேள்விகளிலும் அது கிடையாது.

என்னிடம் கேட்டபோது, முதலில் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை, அந்த அம்மாளிடம் பேசவும் இல்லை, ஃபாரத்தின் நகலும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று சொன்னேன். கேட்டதற்கு மேலேயே சொன்னேன்.

தீர்ப்பு கலியமூர்த்தி பக்கம் வந்தது. கேள்வி கேட்ட முறையே சரியில்லாதபோது வந்த பதிலை மறைத்தல் என்று கருத இடமில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு அடியிலும் அவர் பேனாவால் கோடு போட்டிருந்தார். பணம் வந்தது, போக்கியத்தைத் திருப்பினார், நிலம் தாளடிக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், பாலிசியைப் புதுப்பிக்க இருவரும் வந்தார்கள். ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்டேன். பழக்கதோஷம், கலியமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “காலையில வந்து மேடம்...” என்று ஆரம்பித்தார்.

அஞ்சம்மாள் அவர் கையைத் தட்டினார்.

“நீங்க செத்த சும்மா இருங்க. என்னையத்தான் கேக்குறாங்க.”